ஆயுத பூஜை முடிந்து எத்தனை வாரம்

போன மாதம் எங்கள் பழைய கல்லூரியிலிருந்து ஒரு இளம் விரிவுரையாளர் போனில் கூப்பிட்டார். வணிகத்துக்கான செயற்கை நுண்ணறிவும் தரவுப் பகுப்பாய்வும் என்று புதிதாக ஒரு பட்டப்படிப்பு தொடங்குகிறார்களாம். "நம்ம ஓசூர்ப் பக்கத்துல இதுதாங்க மேடம் முதல் தடவை," என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. இருபது வருடங்களுக்கு முன்னால் அதே கட்டடத்தில், அதே மாடியில் இந்தப் பாடத்தை நடத்தித் தொண்டை வறண்டவள் நான். அதைச் சொன்னேன். "அப்பவே ஏஐ இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். இருந்தது தம்பி, கம்ப்யூட்டர்தான் இல்லை என்றேன்.

தொடக்க விழா மலருக்கு மாணவர்களுக்கு ஊக்கம் தரும்படி ஒரு கட்டுரை வேண்டுமாம். ஊக்கத்துக்கு நான் பொறுப்பில்லை. நடந்ததை எழுதித் தருகிறேன், போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் சிங்காரப்பேட்டைக்காரி. புள்ளியியல் படித்தேன். லாகரிதம் அட்டவணையையும் கைக் கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு பல வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தினேன். பிறகு ஓசூரில் கிருஷ்ணகிரி சாலையில் இருக்கும் இந்தத் தனியார் கல்லூரி மாலை நேர எம்பிஏ ஆரம்பித்தபோது இங்கே சேர்ந்தேன். இரண்டாயிரத்து மூன்று வாக்கில் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றி, 'வணிக முடிவுகளுக்குச் செயற்கை நுண்ணறிவு' என்று ஒரு விருப்பப் பாடத்தை வைத்தது. விருப்பம் என்பது பெயருக்குத்தான். வேறு பாடம் நடத்த ஆள் இல்லாததால் எல்லாரும் அதைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. என்னைப் பெங்களூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே அன்றைக்கு மின்சாரம் இல்லாததால் நியூரல் நெட்வொர்க்கைக் கரும்பலகையில் வட்டம் வட்டமாக வரைந்து காட்டினார்கள். திரும்பி வரும் பஸ் அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் நான் நிபுணராகிவிட்டேன்.

எங்கள் மாணவர்கள் யாரும் பிள்ளைகள் இல்லை. பகல் ஷிப்ட் முடித்துவிட்டு, எண்ணெய் வாடையோடு வகுப்புக்கு வருகிற ஆண்களும் பெண்களும். மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பாதி, உள்ளூர்க்காரர்கள் பாதி. ஒருவருக்குத் தெலுங்கில் விளக்கினால் பக்கத்தில் இருப்பவர் அதைக் கன்னடத்தில் மற்றவருக்குச் சொல்லுவார். தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வருகிறவர் தாமதமாக வந்து, யானை மறித்துவிட்டது என்று சொன்னால் திட்டவும் முடியாது. பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

கம்ப்யூட்டர் ஆய்வகம் என்று ஒன்று இருந்தது. அதற்குப் பூட்டும் இருந்தது. தூசி ஆகாது என்பதால் பல்கலைக்கழக ஆய்வுக் குழு வரும்போதுதான் திறப்பார்கள். இயக்குநர் சரி என்று சொன்ன பிறகும், செருப்பைக் கழற்றினீர்களா, ஏசி மெக்கானிக் வந்தாரா என்று ஆயிரம் கேள்வி கேட்டுத்தான் அலுவலக உதவியாளர் சாவியைக் கொடுப்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பதை நான் அங்கேதான் அனுபவித்தேன்.

எங்கள் இயக்குநர் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் நலப் பிரிவில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபமே வராத மனிதர். அதனாலேயே எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும். மாணவர்களின் ஆய்வறிக்கைகளை அவர் படித்து நான் பார்த்ததில்லை. நீல ரெக்ஸின் அட்டையும் தங்க எழுத்துமாக பைண்டிங் செய்து வந்த அறிக்கையை முதலில் இரண்டு கையிலும் ஏந்தி எடை பார்ப்பார். கனம் திருப்தியாக இருந்தால் நன்றியுரைப் பக்கத்தைத் திறப்பார். அதில் கடவுளுக்கு அடுத்து, பெற்றோருக்கு முன்னால் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால், "ஆயித்து, ஆயித்து," என்று, ஆச்சு என்பதைக் கன்னடத்தில் சொல்லி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிடுவார். எதைப் பற்றிப் புகார் சொன்னாலும் ஒரே பதில்தான். "விடுங்க மேடம், கம்பெனிக்காரங்க மனசு நோகக்கூடாது. அவங்க பர்மிஷன் கொடுக்கலைன்னா நம்ம பசங்க ப்ராஜெக்டுக்கு எங்க போவாங்க?"

இனி நாகராஜ் விஷயத்துக்கு வருகிறேன்.

நாகராஜ் கெலமங்கலத்துக்காரர். ஓசூர் சிப்காட்டில், இருசக்கர வாகனங்களுக்கு அலுமினிய மூடிகள் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வயதிலிருந்து உலைக்கு முன்னால் நின்றவர். அந்தப் புகையில் நின்று நின்று அவருக்கு இளைப்பு வந்துவிட்டது. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விடுவது எனக்குக் கரும்பலகை வரைக்கும் கேட்கும். உலையை விட்டு விலகச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விலகுவதற்கு ஒரே வழி நீலச் சட்டையிலிருந்து வெள்ளைச் சட்டைக்கு மாறுவது, அதாவது ஸ்டாஃப் ஆவது. அந்த வருடத்துக்குள் எம்பிஏ முடிக்கிறவர்களை ஸ்டாஃப் வேலைக்குப் பரிசீலிப்பதாக நிர்வாகம் அறிவித்திருந்தது. அடுத்த வருடம் நாகராஜ் வயது வரம்பைத் தாண்டிவிடுவார். ஆகவே அந்த வருடம் வாய்மொழித் தேர்வில் தேறினால் அவருக்கு மூச்சு, இல்லாவிட்டால் உலை.

அவருடைய ஆய்வு, வார்ப்பில் விழும் காற்றுத் துளைகளைப் பற்றியது. மூடிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் அது கழிவு, திரும்ப உலைக்குப் போக வேண்டியதுதான். மூன்று வருட ஷிப்ட் அறிக்கைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றினார். எந்த இயந்திரம், எந்த ஷிப்ட், யார் ஓட்டினார், உலோகம் எந்தச் சூடு என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு தலைப்பு. ஒவ்வொரு பண்டிகைக்கும், அது முடிந்து எத்தனை வாரம் என்று தலைப்புப் போட்டிருந்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தெற்கத்திக்காரர்கள் ஊருக்குப் போனால் புது ஆள்தான் மெஷினில் நிற்பார், அதனால் கழிவு கூடும் என்பது அவர் கணக்கு. நல்ல கணக்குதான். முடிவெடுக்கும் மரம் என்று ஒரு முறை உண்டு. கழிவு கூடுவதற்கும் குறைவதற்கும் எந்தத் தலைப்பு முதல் காரணமாக நிற்கிறது, அடுத்து எது என்று மென்பொருள் கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும். சாவிக்காரரிடம் சண்டை போட்டு ஆய்வகத்தைத் திறக்க வைத்து, நானும் அவருமாக அதை ஓடவிட்டோம்.

முதல் கிளையில் இயந்திரம் வரவில்லை. ஆளும் வரவில்லை, சூடும் வரவில்லை. 'ஆயுத பூஜை முடிந்து எத்தனை வாரம்' என்று வந்தது. பூஜை முடிந்த முதல் சில வாரங்களில் கழிவு அடியோடு விழுந்திருந்தது. பிறகு வாரத்துக்கு வாரம் ஏறி, அடுத்த பூஜைக்கு முந்தைய வாரங்களில் உச்சத்தில் நின்றது. மூன்று வருடமும் இதே கதை.

நல்ல கண்டுபிடிப்பு, இனி காரணத்தைத் தேடி எழுதுங்கள் என்று அனுப்பினேன். ஐந்தாம் அத்தியாயத்தோடு வந்தார். பரிந்துரைகளில் முதலாவதாக இருந்தது இதுதான்: ஆயுத பூஜையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடத்தலாம்.

"என்ன நாகராஜ் இது? உங்களுக்கு எம்பிஏ வேணுமா, அர்ச்சகர் வேலை வேணுமா?"

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மேடம், எங்க கம்பெனியில பூஜைக்கு முன்னால என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"பொரி கடலை கொடுப்பாங்க. பூசணிக்காய் உடைப்பாங்க."

"அது பூஜை அன்னிக்குங்க. அதுக்கு முந்தி ரெண்டு நாள் மெஷினை எல்லாம் நிறுத்திடுவோம். அழுக்கு மெஷினுக்குச் சந்தனம் வெக்க யாருக்கும் மனசு வராதுங்களே. அச்சைக் கழட்டி, காத்து வெளிய போற சந்தெல்லாம் சுரண்டி, ஆயிலை மாத்தி, ஃபில்டரை மாத்தி, புத்தம் புதுசாட்டம் பண்ணிடுவோம். காத்து போற சந்து அடைச்சா ஓட்டை விழத்தானுங்க செய்யும்."

"அப்போ அதை எழுத வேண்டியதுதானே? பராமரிப்பை மூணு மாசத்துக்கு ஒருக்கா பண்ணுங்கன்னு எழுதுங்க."

"பராமரிப்பு மாசாமாசம் நடக்குதுங்க மேடம்."

"நடக்குதா?"

"தாள்ல நடக்குதுங்க. கையெழுத்தெல்லாம் கரெக்டா இருக்கும். ப்ரொடக்‌ஷனை நிறுத்தி மெஷினைத் திறக்க மேல விட மாட்டாங்க, திறக்கலைன்னும் எழுத விட மாட்டாங்க. கையெழுத்துப் போடறது மெயின்டனன்ஸ் மேனேஜர் கோவிந்தப்பா சார். அவருதானுங்க என் ப்ராஜெக்டுக்குக் கம்பெனி கைடு. பராமரிப்புப் பண்ணுங்கன்னு நான் எழுதினா, அப்ப இத்தனை வருஷம் என்னய்யா பண்ணுனேன்னு அவரைக் கேப்பாங்க. அவரு மேல தப்பில்லீங்க. ஆனா அவரு தலைதான் உருளும், அப்புறம் என் தலையும்."

"அதுக்குப் பூஜையா?"

"பராமரிப்புன்னா நிறுத்த மாட்டாங்க மேடம். சாமின்னா நிறுத்துவாங்க. எங்க எம்டியே வேட்டி கட்டீட்டு வந்து நிப்பாரு."

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் இதில் யார் மேல் எரிந்து விழுவது? பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக்கூடாது என்றால் அந்தத் தொழிற்சாலைக்கு இதைவிடப் பொருத்தமான பரிந்துரையை எந்தப் பேராசிரியரும் எழுத முடியாது. அதே சமயம், காரணம் இல்லாத முடிவை அறிக்கையில் விடக்கூடாது என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவளும் நான்தான். பரிந்துரை அப்படியே இருக்கட்டும் என்று சம்மதித்தேன். அன்று முழுவதும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

இயக்குநரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்போம் என்று போனேன். வழக்கம் போல அறிக்கையை எடை பார்த்தார், நன்றியுரையைப் பார்த்தார். "பூஜையா மேடம்? ரொம்ப ஒள்ளேது, நல்ல விஷயம். யார் மனசும் நோகாது," என்றார். அப்படியே அறிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வாய்மொழித் தேர்வு எங்கள் கல்லூரியில் கல்யாண வீடு மாதிரி நடக்கும். வேறு எந்தக் கல்லூரியிலும் கம்பெனி கைடுகளைத் தேர்வுக்கு அழைப்பதில்லை. எங்கள் இயக்குநர் அழைப்பார். முன்வரிசையில் உட்கார வைத்து ஆளுக்கொரு சால்வை போர்த்துவார். வெளித் தேர்வாளருக்கு ஒரு சந்தன மாலை. மாணவர் மேடையேறி, கண்ணாடித் தாளில் எழுதி வந்ததைச் சுவரில் வெளிச்சம் போட்டுக் காட்டிப் பேச வேண்டும். வெளித் தேர்வாளர் இரண்டு கேள்வி கேட்டு, மதிப்பெண்ணை மூடி எழுதுவார். பிறகு பிரியாணி. பிரியாணி வாடை மாடிக்கு வர ஆரம்பித்ததும் கேள்விகள் தாமாகவே சுருங்கிவிடும்.

அந்த வருடம் சேலத்திலிருந்து வந்த தேர்வாளர் சைவம் மட்டுமல்ல, பகுத்தறிவுக்காரர். மாலையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாகராஜ் வெள்ளைச் சட்டை ஒன்றைப் புதிதாக எடுத்து அணிந்து வந்திருந்தார். கழிவு வாரத்துக்கு வாரம் ஏறுகிற கோட்டைச் சுவரில் காட்டி, பரிந்துரையைப் படித்தார்.

தேர்வாளர் சிரித்துவிட்டார். "ஏம்ப்பா, இது எம்பிஏ ப்ராஜெக்டா, பஞ்சாங்கமா?"

அறையே சிரித்தது. நாகராஜ் சிரிக்கவில்லை. "டேட்டா அப்பிடித்தாங்க சார் சொல்லுது."

"டேட்டா சொல்லும். காரணம் என்னன்னு கேக்கறேன். சந்தனம் வெச்சா ஓட்டை எப்படி அடைபடுது?"

நாகராஜ் முன்வரிசையைப் பார்த்தார். அங்கே கோவிந்தப்பா சால்வையோடு, கையில் பாதி குடித்த ஆரஞ்சு ஜூஸோடு உட்கார்ந்திருந்தார். நாகராஜுக்கு இளைப்பு வந்துவிட்டது. அந்த மூச்சுச் சத்தம் மட்டும்தான் அறையில் கேட்டது.

நான் எழுந்து, "சார், தொடர்பு வேற, காரணம் வேற. தொடர்பைக் கண்டுபிடிக்கறதுதான் இந்த ஆய்வோட நோக்கம்," என்றேன். சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது. காரணம் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் நாகராஜின் வேலைக்கே ஆபத்து. சொல்லாவிட்டால் வருடம் போய்விடும்.

"நீங்க கைடு. நீங்களே இதை விட்டிருக்கீங்களே மேடம்," என்று சொல்லிவிட்டுத் தேர்வாளர் பேனாவைத் திறந்தார். 'மறுபடி சமர்ப்பிக்கவும்' என்று எழுதப் போகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

அதுவரை கோவிந்தப்பா சுவரில் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜூஸ் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். தமிழும் கன்னடமும் கலந்து மெதுவாகப் பேசுகிற மனிதர். "சார், ஒரு விஷயம் சொல்லலாமுங்களா? இந்த யோசனையை எங்க கம்பெனியில ஏத்துக்கறோம். மூணு மாசத்துக்கு ஒருக்கா பூஜை. பூஜைன்னா முந்தி ரெண்டு நாள் மெஷின் நிறுத்தணும், க்ளீன் பண்ணணும், அது சம்பிரதாய. எம்டிகிட்ட நான் பேசறேன். லெட்டர் வேணும்னாலும் தர்றேன்."

"ஆயித்து," என்றார் இயக்குநர். "கம்பெனியே ஏத்துக்கிச்சு."

மதிப்பெண் தாளில் 'நிறுவனத்துக்கு நேரடிப் பயன்' என்று ஒரு இனம் உண்டு. அதில் யாரும் முழு மதிப்பெண் வாங்கியதில்லை, ஏனென்றால் எந்தக் கம்பெனியும் எங்கள் மாணவர்கள் சொன்ன எதையும் செய்ததில்லை. இப்போது கம்பெனி மேனேஜரே எழுந்து நின்று செய்கிறேன் என்கிறார். தேர்வாளர் என்ன செய்வார்? தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எழுதி மூடினார். நாகராஜ் தேறிவிட்டார். கோவிந்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. ஜூஸைக் குடித்து முடித்தார்.

அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் வாய் திறக்காததால்தான் நல்லது நடந்தது. இதை எந்தப் பாடப் புத்தகத்தில் நான் சேர்ப்பேன்?

சொன்னபடி பூஜை நடந்தது. இயந்திரங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறக்கப்பட்டன. கழிவு குறைந்தது. அடுத்த வருட விளம்பரத் தாளில் எங்கள் இயக்குநர் நாகராஜின் படத்தைப் போட்டு, 'செயற்கை நுண்ணறிவும் ஆன்மிகமும் இணைந்த உலகத்தரக் கல்வி' என்று அச்சடித்துவிட்டார். ஆள் சேர்க்கை கூடியது. எனக்கு ரத்தக் கொதிப்பும் கூடியது.

சில மாதம் கழித்து நாகராஜ் மைசூர்பாக் பெட்டியோடு வந்தார். முகம் தெளிந்திருந்தது. படியேறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. "இப்பல்லாம் ராத்திரி படுத்தா தூங்கறேனுங்க மேடம்," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் நடத்திய வட்டங்களுக்கும் கோடுகளுக்கும் இந்த ஒரு மனிதரின் தூக்கம் போதும் என்று நினைத்தேன். ஒரு மைசூர்பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"எந்த டிபார்ட்மெண்ட்?"

"மெயின்டனன்ஸ்தானுங்க. கோவிந்தப்பா சார் கேட்டு வாங்கிக்கிட்டாரு."

"என்ன வேலை?"

கொஞ்சம் தயங்கினார். "மாசாமாசம் பராமரிப்புத் தாள் ரெடி பண்றது. கையெழுத்து ஸ்டாஃப்தான் போடணுமுங்க. சாருக்கு ரிடையர்மெண்ட் வருதில்லீங்களா, இனிமே என்னையப் போடச் சொல்லீட்டாரு."

"மெஷினைத் திறக்கறீங்களா நாகராஜ், மாசாமாசம்?"

அவர் பெட்டியை மூடி, ரப்பர் பேண்டைத் திரும்பப் போட்டார். "அதான் மூணு மாசத்துக்கு ஒருக்கா பூஜை வந்துடுதுங்களே மேடம்."

வாயில் இருந்ததைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கடைசியில் விழுங்கினேன். திட்ட நினைத்தால் அந்த இளைப்புச் சத்தம் காதில் வந்து நின்றது. திட்டாமல் அனுப்பிவைத்தேன். இன்று வரைக்கும் அது என்னை அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், புவனேஸ்வரி என்றொரு மாணவி அதே தொழிற்சாலையின் தரவோடு வந்தாள். கெட்டிக்காரப் பெண். பராமரிப்புத் தாள்களை ஜெராக்ஸ் எடுத்து அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் கீழும் நாகராஜின் கையெழுத்து. தேர்வுத் தாளில் எப்படி எழுதுவாரோ அதே மாதிரி, அழகாக, தெளிவாக.

"மேடம், மெயின்டனன்ஸ் ஒரு மாசம்கூட விடாம நடந்திருக்கு. எல்லாமே ஒரே மாதிரி இருந்தா சாஃப்ட்வேர் அதுலேர்ந்து ஒண்ணும் கத்துக்காதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. அந்தத் தலைப்பை எடுத்துடட்டுமா? அப்புறம் இந்தப் பூஜைத் தலைப்பு ஒண்ணு இருக்கு. அதையும் எடுத்துடறேன் மேடம். எக்ஸாமினர் பார்த்தா சிரிப்பாரு."

நான் சொல்லிக் கொடுத்தபடி அவள் சரியாகத்தான் சொல்லியிருந்தாள். நான் அந்தக் கையெழுத்துகளைத் திரும்ப ஒரு முறை பார்த்தேன்.

"மெயின்டனன்ஸை எடுத்துடும்மா," என்றேன். "பூஜையை மட்டும் எடுத்துடாதே."